ஒண்ணும் பண்ணாது சார்

சென்னையின் தென்பகுதியில், மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளி வழியாக அடையாற்றங்கரை வரையிலும், ஆற்றைக் கடந்தபின் கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் பக்கமாகத் திருவான்மியூர் வரையிலும், பறக்கும் ரயிலின் தூண்களைத் தன் நீரிலேயே நிற்கவைத்துக்கொண்டு கிடக்கும் பக்கிங்காம் கால்வாயின் கரையோரத் தெருக்களில், விடியற்காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையே, ஒரு கையில் சங்கிலியும் மறுகையில் மடித்த பிளாஸ்டிக் பையுமாகத் தென்படுகிற, பணி ஓய்வு பெற்ற ஆடவர் இங்கே ‘கரைநடையர்’ என்று குறிக்கப்படுவார். சங்கிலியின் மறுமுனையில் ஒரு நாய் உண்டு. அது பெரும்பாலும் லாப்ரடார் இனத்தது. பெயர் ராக்கியாகவோ சீசராகவோ ப்ரூனோவாகவோ இருக்கும் என்பதால், ஆராய்ச்சியின் வசதி கருதி ப்ரூனோ என்றே கொள்ளலாம். நாய் யாருடையது, பை எதற்கு, கால்வாய்க் கரைக்கு வருவது ஏன் ஆகிய மூன்றிலும் இவர் சொல்வது ஒன்றும் நடப்பது வேறொன்றுமாக இருப்பதால், இவருடைய வாக்குமூலத்தை மட்டும் நம்பி இவரை விளங்கிக்கொள்ள முடியாது.

முதலில் உரிமை. ப்ரூனோ இவருடைய நாய் அன்று, மகனுடையது. பொதுமுடக்க ஆண்டான 2020-இல் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்த மகன், மடிக்கணினியைத் தவிர வேறு முகம் பாராத சலிப்பில் ஒரு குட்டியை வாங்கி வந்தபோது, “இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று கூடத்தில் நின்று அறிவித்தவர் இவரே. பின்னர் விசா வந்தது, மகன் நியூ ஜெர்சிக்குப் போனான், அறிவிப்பின்படி ஒருவர் வெளியேறியிருக்க வேண்டிய வீட்டில் இருவருமே தங்கிவிட்டார்கள். கரைநடையர் பெரும்பாலும் தேனாம்பேட்டை ஏஜீஸ் ஆபீஸில், அதாவது மயிலாப்பூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் தந்த மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில், பிறர் செய்த செலவுகளுக்கு ஆட்சேபணைக் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்றவர் என்பதால், எழுதக் கோப்பு இல்லாமல் போன வெறுமையை ஒரு நாய் வந்து நிரப்பியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ப்ரூனோவின் தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமச் சான்று, மருத்துவச் சீட்டு எல்லாம் துளையிட்டுப் பச்சை நாடா கட்டிய ஒரே கோப்பில், தேதி வரிசையில் இருக்கும்.

வீடு சைவ வீடு. ப்ரூனோவும் நெடுநாள் தயிர்சாதத்தில் வளர்ந்து, மற்ற லாப்ரடார்களைவிடச் சற்று அகலமாகி, பிறகு கால்நடை மருத்துவர் கண்டிப்பாக முட்டை கொடுக்கச் சொன்னதால் ஒரு சமரச ஏற்பாட்டுக்கு உட்பட்டது. முட்டை பால்கனியில், தனி மின்னடுப்பில், ‘ப்ரூனோ பாத்திரம்’ என்று பெயர் பெற்ற அலுமினியக் கிண்ணத்தில் வேகும். கோழி கலந்த உலர்தீனி மூட்டை, சமையலறை எல்லைக்கு அப்பால், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும். வீட்டுக் கணக்கு நோட்டில் இவ்விரண்டும் ‘மருந்து’ என்ற தலைப்பில் பதிவாகும். தணிக்கையாளர் ஒருவர் தம் சொந்தக் கணக்கில் செய்த ஒரே திரிபு இதுவாகவே இருக்கக்கூடும்.

இனி, கால்வாய்க் கரைக்கு வருவது ஏன் என்ற கேள்வி. “காத்தோட்டமா இருக்கு” என்பது இவர் தரும் விடை. பக்கிங்காம் கால்வாயின் காற்றைச் சுவாசித்த எவரும் இதை ஏற்கமாட்டார். உண்மையில் இவர் கரையைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்ற எல்லா இடங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக வெளியேற்றப்பட்டு, கடைசியில் இங்கே ஒதுங்கியவர். மாநகராட்சிப் பூங்காக்களில் பொதுவாக நாய்க்கு இடமில்லை. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாடவீதிகளிலோ, மார்கழி விடியலில், வாசலுக்கு வாசல் நான்கு மணிக்கே எழுந்து போட்ட கோலமும் நடுவில் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவும் இருக்க, அந்தப் பூவை ஒரே வாயில் விழுங்கிய ப்ரூனோவின் புகழ் பஜனை கோஷ்டி தெருமுனை திரும்புவதற்குள் நான்கு வீதிகளிலும் பரவிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வளாகத்தில் நடத்தலாம் என்றால், அங்கே குடியிருப்போர் சங்கம் இருக்கிறது.

சங்கத்தோடு இவர் நடத்தும் போர் தனியே குறிப்பிடத்தக்கது. மின்தூக்கியில் நாய் ஏறக்கூடாது என்று சங்கம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளுக்குப் பக்கத்திலேயே, அத்தகைய தடையை விதிக்கச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் ஜெராக்ஸ் பிரதியை இவர் ஒட்டுவார். இந்த வாரியம் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1962-இல் ஏற்பட்டது; அச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் முன்னின்று முயன்றவரும், வாரியத்தின் முதல் தலைவராக அமர்ந்தவரும் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்; வாரியத்தின் தலைமையகமும் 2018-இல் ஹரியானாவுக்கு மாறும்வரை சென்னையிலேயே இருந்தது. “நம்ம அடையாறு அம்மா கொண்டுவந்த சட்டம், நம்ம லிஃப்டுக்குள்ள செல்லாதா?” என்பது பொதுக்குழுவில் இவர் எழுப்பும் கேள்வி. இதற்குச் செயலாளரிடம் விடை இல்லை. ஆனால் மூன்றாம் மாடி மாமிக்கு நாய்முடி ஒவ்வாமை இருக்கிறது. எனவே இவர் மாடிப்படியில் இறங்கி, சட்டப்படி வென்றும் நடைமுறையில் தோற்றும், கால்வாயை நோக்கி நடக்கிறார்.

தியாகராய நகரில் வாழும் இவருடைய சகபாடியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவ்வூருக்கென்று மாம்பலம் கால்வாய் ஒன்று உண்டு என்றாலும், அது பல இடங்களில் வீடுகளின் முதுகுப்புறத்தில் ஒளிந்து ஓடுவதால் கரை என்று சொல்லி நடக்க இடம் கிடைப்பது அரிது. ஜவுளிக்கடைகள் திறப்பதற்குள் பனகல் பூங்காவைச் சுற்றிவிட்டு ஓடிவர வேண்டும், திறந்துவிட்டால் நாய்க்கு மட்டுமல்ல, மனிதனுக்கே அங்கே கால்வைக்க வழியில்லை. வசதியுள்ளவர்கள் நாயைக் காரில் ஏற்றி அடையாறுக்குக் கொண்டுவருகிறார்கள்.

கரைக்கு வந்தபின் இவர் வரலாற்றாசிரியராகிறார். யாராவது ஓர் இளைஞர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பதைக் கண்டால் போதும், நிறுத்திவைத்துப் பாடம் தொடங்கிவிடுவார். 1806-இல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியதால் முதலில் இது காக்ரேன் கால்வாய். 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லும் 1876–78 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில், வயிற்றுக்கில்லாமல் பட்டணம் வந்து சேர்ந்த மக்களுக்கு நிவாரண வேலை கொடுத்துக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான ஏறத்தாழ 8 கி.மீ. இணைப்பை வெட்டினார்கள், அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது. பட்டினியாளர்கள் வெட்டிய பள்ளத்துக்குப் பிரபுவின் பெயர் சூட்டப்பட்ட இந்தச் செய்தியை மட்டும் கரைநடையர் குரலைத் தாழ்த்திச் சொல்வார் என்பதையும், அந்த ஒரு நிமிடம் இவர் நகைப்புக்குரியவராக இருப்பதில்லை என்பதையும் நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்ட இந்த நீர்வழியில் நெல்லும் உப்பும் சவுக்குக் கட்டையும் படகில் வந்ததையும், பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போய் அதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாக எழுதியதையும், 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் போக்குவரத்து நொடித்துப் போனதையும் இவர் சொல்லி முடிப்பதற்குள், இளைஞர் தாம் ஏறவேண்டிய ரயில் தலைக்கு மேலே போய்விட்டதைக் கவனிப்பார்.

பாடத்தில் இவர் விட்டுவிடும் குறிப்பு ஒன்று உண்டு. அக்காலத்தில் காற்றுச் சாதகமாக இல்லாதபோது, படகோட்டிகள் கரையில் இறங்கி, படகில் கட்டிய கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். கரையில் பாதை விட்டதே அதற்காகத்தான். இழுப்புப்பாதை எனத்தக்க அப்பாதையில் இன்றும் கயிற்றின் ஒரு முனையில் இழுப்பவரும் மறுமுனையில் இழுபடுபவரும் இருக்கவே செய்கிறார்கள். சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. முப்பத்திரண்டு கிலோ எடையுள்ள ப்ரூனோ, எழுபத்தெட்டு கிலோ எடையுள்ள ஓய்வூதியரை மந்தைவெளி நிலையத்திலிருந்து கிரீன்வேஸ் சாலைப் பக்கமாக இழுத்துச் செல்லும்போது, அவருடைய உடல் பின்புறமாகச் சாய்ந்து, குதிகால்கள் தரையை உழுது, வலது கை தோளிலிருந்து கழன்றுவிடும் கோணத்தில் நீண்டிருக்க, முகத்தில் மட்டும் தாமே இந்தத் திசையைத் தேர்ந்தெடுத்தவர் போன்ற அமைதி நிலவும்.

இழுக்காத நேரத்தில் ப்ரூனோ நிற்கும். நடைப்பயிற்சி என்று பெயர் பெற்ற இந்நிகழ்ச்சியில் நடை குறைவு, நிற்றலே மிகுதி. மனித மூக்கில் மணம் உணரும் ஏற்பிகள் சுமார் 50 லட்சம் என்றால் நாயின் மூக்கில் இனத்துக்கேற்ப 10 கோடி முதல் 30 கோடி வரை உண்டு என்பர். அத்தகைய கருவியோடு இக்கால்வாயை அணுகும் ஓர் உயிருக்கு என்ன கிடைக்கும் என்பதை ஐம்பது லட்சக்காரர்கள் ஊகிக்கவும் முடியாது. ஊர் முழுவதும் முகம் திருப்பிக்கொண்ட நீர்நிலையை இன்றும் ஆர்வத்தோடு, அங்குலம் அங்குலமாக, ஒன்றையும் ஒதுக்காமல் ஆய்கிறவை நாய்கள் மட்டுமே. பறக்கும் ரயிலின் தூண்கள் வந்தது இந்த ஆய்வுக்குப் பேருதவியாயிற்று. உயர்த்திய பாலத்தில் ஓடுவதால் அப்பெயர் பெற்ற இந்த ரயில், 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-இல் மயிலாப்பூர் வரையும், 2004-இல் திருவான்மியூர் வரையும் நீண்டது. கால்வாயில் தூண் நட்டால் நீரோட்டம் தடைப்படும் என்று சூழலியலாளர்கள் எழுப்பிய கண்டனம் இன்றும் ஓயவில்லை. ப்ரூனோ இவ்விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. கரையோரத் தூண் ஒவ்வொன்றையும் முகர்ந்து, முன் வந்தவர் விட்டுச்சென்ற சேதியைப் பரிசீலித்து, பின்னங்காலைத் தூக்கித் தன் மறுமொழியைப் பதிந்துவிட்டே அடுத்ததற்குப் போகும். இதற்கிடையே நீரோரம் அசையாமல் நிற்கும் மடையானையும், சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தையும், மழைக்காலத்துக்கு முன் ஆகாயத்தாமரையை அள்ள வரும் மிதவை இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லாததால், கரைநடையர் தம்மை அறியாமலே இக்கால்வாயின் முழுநேரக் கண்காணிப்பாளராகிவிடுகிறார். எந்த மதகில் குப்பை அடைத்திருக்கிறது, எந்தக் குழாய் இரவில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறது என்பது இவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இவரிடம் யாரும் கேட்பதுமில்லை.

கரைநடையரின் பேச்சில் அடிக்கடி வரும் தொடர் “ஒண்ணும் பண்ணாது” என்பதாகும். எதிரே வருபவர் “கடிக்குமா சார்?” என்று கேட்பதற்கு முன்னரே, சில சமயம் ப்ரூனோ அவர் மார்பில் இரண்டு காலையும் வைத்தபின்னரும், இத்தொடர் ஒரே ஏற்ற இறக்கத்தோடு ஒலிக்கும். இது வாக்குறுதி அன்று, வேண்டுதல் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவர். மந்தைவெளிப் பக்கம் கூடையில் மீன் கொண்டுவரும் ஆயா ஒருவர் இதற்குக் கொடுத்த விளக்கவுரை கரை முழுவதும் பிரசித்தம்: “உன்னை ஒண்ணும் பண்ணாது நைனா, நீ சோறு போடுற. என் கூடைக்கு இன்னா பதில்?” ப்ரூனோ அதற்குள் கூடைக்குள் தலைவிட்டிருந்தது. அன்று கரைநடையர் சைவர் என்ற முறையில் தம் வாழ்நாளில் முதன்முறையாக நான்கு வஞ்சிரத் துண்டுகளுக்குப் பணம் கொடுத்து, அவற்றைக் கையால் தொடாமல், ப்ரூனோவுக்கே தத்தம் செய்தார். கணக்கு நோட்டில் அன்றைய ‘மருந்து’ச் செலவு சற்று அதிகம்.

கால்வாய்ப் பாலங்கள் ஒவ்வொன்றும் ஓர் எல்லை. பாலத்துக்கு இப்பக்கம் ஒரு தெருநாய்க் கூட்டமும் அப்பக்கம் வேறொரு கூட்டமும் ஆட்சி செய்வதால், படகுகள் ஓடிய நாளில் இவ்வழியில் சுங்கம் கட்டியதைப் போலவே இன்றும் கட்ட வேண்டியிருக்கிறது. நாணயம், ‘பொறை’. டீக்கடைக் கண்ணாடிச் சாடியில் இருக்கும் இந்த உலர்ந்த ரொட்டி வகையை மனிதர்கள் டீயில் தோய்த்துத் தின்பதும் உண்டு என்றாலும், சென்னையில் அதன் விற்பனையில் பெரும்பங்கு தெருநாய்களின் பெயரிலேயே நடக்கிறது. கரைநடையர் ஒவ்வொரு பாலத்திலும் இரண்டிரண்டு பொறைகளை வீசிவிட்டு, அவை தின்று முடிப்பதற்குள் கடந்துவிடுவார். கருத்தடை முடிந்த நாய்களை அடையாளம் காணக் காது நுனியில் சிறு வெட்டு இடுவது வழக்கம். 1959-இல் இந்நகரில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு நெடுங்காலமாக இப்பணியைச் செய்துவருகிறது. எந்தப் பாலத்து நாய்க்கு எந்தக் காது வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் இவருக்கு மனப்பாடம். வேடிக்கை என்னவென்றால், தெருநாயிடம் “ஏய், போ அந்தப் பக்கம்” என்று தமிழில் பேசும் இவர், ப்ரூனோவிடம் “நோ, ப்ரூனோ, நோ! பிஹேவ்!” என்று அலுவலக ஆங்கிலத்தில்தான் பேசுவார். தெருநாய் விலகிப் போகும். ப்ரூனோ போகாது.

கையிலுள்ள பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது நாயின் கழிவை எடுப்பதற்கென்று கொண்டுவரப்படுவது. கொண்டுவரப்படுகிறது என்பதே அதன் பயன்பாடு. ப்ரூனோ முதுகை வளைத்து உட்காரும் தருணத்தில் கரைநடையருக்கு வானத்தில் பார்ப்பதற்கு ஏதாவது கிடைத்துவிடும், பெரும்பாலும் ரயில். மாநகராட்சி 50 ரூபாய்க்கு வழங்கும் வளர்ப்புநாய் உரிமத்தை முதல் நாளே வாங்கி, 2025-இல் உரிமம் இல்லாதோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது தெரு முழுவதும் போய் எல்லாரையும் எச்சரித்த இம்மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தணிக்கைக்கு அப்பாற்பட்டவராக இருப்பது விளங்காத புதிர்.

கரையில் இவருக்கென்று ஒரு சமூகம் உண்டு. ஆனால் அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. எதிரே வருபவர் ‘சீசர் அப்பா’, குளிர்சாதன அறையிலேயே வாழும் சைபீரிய ஹஸ்கியை மே மாதத்தில் மூச்சிரைக்க அழைத்துவரும் மென்பொருள் இளைஞர் ‘ஸ்னோ அண்ணா’, நாட்டு இனங்களே உயர்ந்தவை என்று சிப்பிப்பாறையோடு வந்து மற்றவர்களைக் குற்றவுணர்வில் ஆழ்த்துகிறவர் ‘வீரன் சார்’. ஆண்டுக்கணக்கில் பழகியும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல், சீசருக்கு உண்ணி வந்ததும் ஸ்னோவுக்கு வயிறு கெட்டதும் மட்டும் தெரிந்திருக்கும் இந்த உறவில், மணப்பேச்சும் நடக்கும். ப்ரூனோவுக்கு ஒரு ‘இடம்’ பார்க்க வேண்டும் என்ற கவலை கரைநடையரின் மனைவிக்கு உண்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கழகத்தின் வம்சாவளிச் சான்று, ஜாதகத்தின் இடத்தில் இருந்து கைமாறும், பெண் வீட்டார் பெசன்ட் நகர், நிறம் சாக்லேட். பேச்சு குட்டிகளைப் பங்கிடுவதில் முறிந்தது.

மகன் அழைப்பின் பேரில் ஆறு மாதம் நியூ ஜெர்சிக்குப் போக நேரும்போதுதான் இவருடைய இயல்பு முழுமையாக வெளிப்படும். அங்கும் ஒரு கால்வாய் இருக்கிறது. டெலவேர், ராரிட்டன் என்ற இரு ஆறுகளை இணைத்து 1834-இல் திறக்கப்பட்ட அக்கால்வாயில் ஒருகாலத்தில் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்தன. இன்று அந்த இழுப்புப்பாதை மாநிலப் பூங்காவாகி, மரநிழலும் தெளிந்த நீருமாக, நாயோடு நடப்பவர்களுக்காகவே படைத்தது போல இருக்கிறது. மகனிடம் அங்கே புதிதாக ஒரு நாய் உண்டு. அதன் பெயர் இட்லி. மயிலாப்பூரில் ப்ரூனோ ஆங்கிலத்தில் அதட்டப்பட, நியூ ஜெர்சியில் இட்லி “வா”, “உக்காரு”, “சமத்து” என்று தமிழில் கொஞ்சப்படுகிறது. சொன்ன பேச்சும் கேட்கிறது. அங்கே கரைநடையர் பையைப் பயன்படுத்துகிறார். யாரும் “கடிக்குமா” என்று கேட்பதில்லை, யாருக்கும் வரலாறு தேவைப்படுவதில்லை, இட்லியும் முகர்ந்து நிற்க ஒன்றுமில்லாமல் நேரே நடந்து நேரே திரும்பிவிடுகிறது. இரண்டே வாரத்தில் இவருக்கு அந்தக் கால்வாய் அலுத்துவிடும்.

எனவே அங்கே இரவு எட்டரை ஆனதும், அதாவது சென்னையில் காலை ஆறு மணிக்கு, ப்ரூனோவை அழைத்துப்போகும் பொறுப்பேற்றிருக்கும் குடியிருப்பின் வாட்ச்மேனைக் காணொலியில் அழைத்து, தொலைபேசியைக் கால்வாய்ப் பக்கம் திருப்பச் சொல்வார். நீர் ஏறியிருக்கிறதா, மதகில் அடைத்திருந்த தெர்மாகோலை எடுத்தார்களா, பாலத்துக்குப் பொறை கொண்டுபோனாயா என்ற விசாரணைகளெல்லாம் முடிந்தபின், உண்மையில் கேட்க நினைத்ததைக் கடைசியாகக் கேட்பார்.

“ரொம்ப இழுக்கிறானாப்பா?”

“இழுக்கவே இல்ல சார். சங்கிலி சும்மா தொங்குது பாருங்க. நம்ம கூடவே சமத்தா வரான்.”

கரைநடையர் சிறிது நேரம் திரையைப் பார்த்தபடி இருப்பார்.

“ஒண்ணு பண்ணு. நடை முடிஞ்சதும் முதல் வேலையா ஆட்டோ பிடிச்சு வேப்பேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போயிடு. காசு நான் எங்காத்து மாமிகிட்ட சொல்லிடறேன். அவனுக்கு உடம்புல என்னமோ இருக்கு.”